மீட்டலும் காத்தலும்: வேலு நாச்சியார் ஆட்சி குறித்து ஒரு மறுநோக்கு

நம் வட்டத்தின் கவியரங்குகளில் வேலு நாச்சியார் பாடப்பெறாத ஆண்டு இல்லை. பாடுவோர் பலரும் நாச்சியாரைக் குதிரைமேல் ஏற்றி, வாளேந்தச் செய்து, சிவகங்கைக் கோட்டை வாயிலுள் புகச் செய்து, வெற்றி முரசு ஒலிக்கப் பாடலை முடித்துவிடுகின்றனர். அம்முரசு ஒலித்தது 1780-இல். நாச்சியார் மறைந்ததோ 1796-இல். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளை நாம் பாடவில்லை. நாட்டை மீட்டவர் அதனை எவ்வாறு காத்தார் என்னும் வினாவும் நம்மிடையே எழவில்லை. பத்தாம் ஆண்டு மலரில் அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குறளின் அதிகார வைப்பு இதற்குச் சிறந்த வழிகாட்டியாகும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றும் பகைமேற் செல்வார்க்கு உரியவை. அவற்றை அடுத்துத் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டையும் வள்ளுவர் வைத்துள்ளார். ஆளைத் தேர்ந்து நம்புதலும், நம்பியவனிடம் வினையை ஒப்படைத்தலும் இவற்றின் பொருள். முன்னைய மூன்றை மீட்டலுக்கும், பின்னைய இரண்டைக் காத்தலுக்கும் உரியனவாகக் கொண்டு நாச்சியார் வரலாற்றை நோக்குவோம்.

நாடு இழந்தமை

சேது நாடு பிரிவினையுற்று, ஐந்தில் இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்கு உரியதாகி, 1730-ஐ ஒட்டிச் சிவகங்கைச் சீமை தனியரசாயிற்று. அவர் மைந்தர் முத்துவடுகநாதப் பெரிய உடையாத் தேவர். அவர்தம் தேவியே, சேதுபதி செல்லமுத்துவின் திருமகளாராகிய வேலு நாச்சியார்.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி ஆங்கிலேயரிடம் பட்ட கடன் நாளும் பெருகியது. கடனை அடைக்கத் தென்னாட்டுச் சீமைகளின் திறைப்பணம் வேண்டியிருந்தது. 1772 ஜூன் மாதத் தொடக்கத்தில் நவாபின் படையும் கும்பெனிப் படையும் இராமநாதபுரத்தைக் கைப்பற்றின. அதே மாதம் 25-ஆம் நாள் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் களத்தில் வீழ்ந்தார். சிவகங்கை நவாபின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டு, 'உசேன் நகர்' எனப் பெயர் மாற்றமும் பெற்றது.

மீட்டல்

கணவரை இழந்த நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சியை அடைந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் உடன் நின்றனர். பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். நாச்சியார் தேர்ந்த இடத்தின் சிறப்பு நோக்கத்தக்கது. திண்டுக்கல் சீமை அப்போது மைசூர் ஐதர் அலியின் ஆட்சியில் இருந்தது. நவாபின் கை அங்கு நீள இயலாது. அதே வேளையில் சொந்தச் சீமையின் செய்தி நாள்தோறும் வந்தெட்டும் தொலைவு. இஃது இடனறிதல்.

தம் வலி போதாது என்பதை உணர்ந்தமை வலியறிதல். 1772 டிசம்பரிலேயே தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குப் படையுதவி வேண்டி மடல் விடுத்தார். ஐதரோ மராட்டியரோடு பொருது இளைத்திருந்த வேளை அது. உதவி உடனே கிட்டவில்லை. முதுபெரும் பிரதானியும் அவ்வடைக்கலக் காலத்திலேயே மறைந்தார். நாச்சியார் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

1780 ஜூலையில் ஐதர் அலி பெரும்படையுடன் கருநாடகத்தின்மேல் இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கும்பெனிப் படை பெருந்தோல்வி கண்டது. நவாபும் கும்பெனியாரும் வடக்கே கலங்கி நின்ற அவ்வாண்டில்தான், ஐதரின் துணையும் சீமை மக்களின் திரளும் மருது சகோதரரின் போர்த்திறனும் ஒன்றுசேர, நாச்சியார் சிவகங்கையை மீட்டார். இது காலமறிதல்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். குயிலியின் தீப்பாய்ச்சலும், கொல்லங்குடி வெட்டுடையார் காளியோடு இணைத்துப் பேசப்பெறும் உடையாளின் உயிர்க்கொடையும் மக்கள் நினைவில் வாழ்பவை. அக்காலத்து ஆவணங்கள் சொல்பவை அல்ல. கவிஞர்க்கு மக்கள் நினைவே போதிய சான்று. ஆயினும், இரண்டையும் ஒன்றென மயங்குதல் இரண்டிற்கும் இழுக்காம்.

காத்தல்

மீண்டும் அரியணை ஏறிய நாச்சியார் முன் நின்ற இடர்கள் பல. கருவூலம் வறண்டிருந்தது. வாரிசோ ஒரு பெண். துணைநின்ற ஐதரும் 1782 டிசம்பரில் மறைந்தார். இந்நிலையில் அவர் மேற்கொண்ட முதல் வினை, ஆளைத் தேர்ந்து நம்புதலே. சின்ன மருதுவைப் பிரதானியாகவும் பெரிய மருதுவைப் படைத்தலைவராகவும் அமர்த்தினார். அரச குடியில் பிறவாத இருவரிடம் ஆட்சியையும் படையையும் ஒருசேர ஒப்படைத்தல் சிறு செயலன்று. வெள்ளச்சிக்கு வேங்கன் பெரிய உடையாத் தேவரை மணமுடித்து, அரசுரிமைக்கு வழிகண்டார்.

இவ்வேற்பாட்டிற்கு முதற்சோதனை 1783-இல் வந்தது. கர்னல் புல்லர்ட்டன் படையுடன் வந்து சிறுவயலில் பாளையமிறங்கித் திறைப் பாக்கியையும் இழப்பீட்டையும் கேட்டான். அரசியாரும் பிரதானிகளும் காளையார்கோயில் காட்டரணை நாடினர். இறுதியில் ஒரு பகுதியைப் பணமாகத் தந்து, எஞ்சியதற்கு முறி எழுதிக் கொடுத்து நாட்டைக் காத்தனர். கணவர் மாண்ட அதே மண்ணில் மறுமுறையும் போர் மூளாமல் தவிர்த்த இச்செயலை யாரும் பாடவில்லை. பணம் கொடுத்தது வீரமாகாது என்று கருதினோம் போலும்! காளையார்கோயிலில் வானளாவிய கோபுரம் எழுப்பிய பெருமை மருது சகோதரரைச் சாரும். மன்னர் வீழ்ந்த ஊரில் அவ்வாறு கோபுரம் எழுந்தமை, இவ்வரசு நிலைத்தது என மக்களுக்கு உரைத்த கல்லெழுத்தாகும்.

நம்பிக்கையின் விலை

நாட்டை இழந்து, அயலார் துணையால் மீட்டு, ஒருவரை நம்பிக் காத்த வரலாறு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டு 1470-இல் நாட்டைவிட்டு ஓடினார். தங்கையை மணந்த பர்கண்டிக் கோமகனின் துணையால் 1471 மார்ச்சில் திரும்பினார். பார்னெட், டூக்ஸ்பெரி எனும் இரு களங்களில் வென்று, பன்னிரண்டு ஆண்டுகள் உறுதியாக ஆண்டார். அவர் பெரிதும் நம்பிய தூண், உடன்பிறந்த தம்பி குளோஸ்டர் கோமகன். 1483-இல் எட்வர்டு இறந்தார். சில மாதங்களுக்குள், பன்னிரண்டு வயதுச் சிறுவனான அவர் மகனை விலக்கி, அத்தம்பியே மூன்றாம் ரிச்சர்டு என முடிசூடினார்.

சிவகங்கையில் நிகழ்ந்தது வேறு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதிகாரம் பிரதானிகளிடம் குவிந்தது. அரசியாருக்கும் அவர்களுக்கும் இடையே பிணக்கும் தோன்றியது. 1789-இல் கும்பெனிப் படை மீண்டும் சீமைக்குள் புக அஃது இடந்தந்தது. அடுத்த ஆண்டளவில் அரசுரிமை வேங்கன் பெரிய உடையாத் தேவரிடம் சென்றது. ஆட்சி மருதிருவர் கையிலேயே நின்றது. நாட்டைக் காப்பதற்கு நாச்சியார் தந்த விலை, அவர்தம் அதிகாரமே. இதனை மறைத்து நாச்சியாரைப் பாடுதலும், இதனைக் காட்டி மருதிருவரைத் தூற்றுதலும் நேர்மையாகா. உடன்பிறந்த தம்பி செய்ததை, உடன்பிறவாத மருதிருவர் செய்யவில்லை. அவர்கள் அரியணையில் அமரவில்லை. 1801-இல் கும்பெனியாரை எதிர்த்து அறிக்கை விடுத்துப் போர் தொடங்கி, அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்குமேடை ஏறினர். அடைக்கலம் தந்த கோபால நாயக்கரும் அதே ஆண்டில் தூக்கிலிடப்பெற்றார். வேங்கன் பெரிய உடையாத் தேவர் 1802-இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பெற்றார். 1780-இல் மீட்ட நாடு இருபத்தோராண்டு நின்று வீழ்ந்தது. வீழ்த்தியது உட்பகையன்று. 1792 உடன்படிக்கையால் பாளையங்களின் திறையை நேரே தண்டும் உரிமையும் பெற்று வளர்ந்த கும்பெனியின் வலிமையே அதனை வீழ்த்தியது.

நிறைவுரை

நாச்சியாருக்கு நடுவணரசு 2008-இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. நம் கடன் வேறு. வாளேந்திய ஒரு நாளைப் பாடிய நாம், திறைக்கும் முறிக்கும் பிணக்குக்கும் நடுவே நாட்டைத் தாங்கிய ஆண்டுகளையும் பாடல் வேண்டும். ஓர் இலக்கிய வட்டத்தைத் தொடங்கிய நாளின் விளக்கு எல்லார்க்கும் நினைவிருக்கும். பத்தாண்டு அதற்கு எண்ணெய் வார்த்தவர் யாரென்பதை அறிந்தவர் சிலரே. அடுத்த கவியரங்கில், வெற்றி முரசு ஓய்ந்தபின் தொடங்கும் ஒரு பாடலைக் கேட்க விழைகிறேன்.