ஓரணாச் சோறு, முந்நூறு ரூபாய்ச் சலுகை

ஒவ்வொரு ஜனவரியிலும் அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்துவிடும். வரிக் கழிவு கேட்பவர்கள் ரசீதுகளைப் பதிவேற்ற வேண்டும், இன்ன தேதிக்குள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் பள்ளிக் கட்டண ரசீதுகளைத் தரையில் பரப்பிவைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் வேலை செய்யும் அக்கா புளியந்தோப்பிலிருந்து வருபவர். பெருக்க வந்தவர் நின்று பார்த்தார்.

"இன்னாத்துக்கு தம்பி பில்லெல்லாம் போட்டோ புடிக்கிற?"

"ஸ்கூல் ஃபீஸ் கட்டினா வரியில கொறைப்பாங்கக்கா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நானுந்தான் பையனுக்கு ஃபீஸ் கட்றேன். எனுக்கு எதுல கொறைப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால், ஒன்றரை லட்ச ரூபாய் வரம்புக்குள் இரண்டு குழந்தைகளின் கல்விக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத அடுக்கில் இருப்பவர் 60,000 ரூபாயைக் காட்டினால், செஸ்ஸோடு சேர்த்து 18,720 ரூபாய் மிச்சம். அக்காவுக்கு வருமான வரி கிடையாது, அதனால் கழிப்பதற்கும் ஒன்றும் கிடையாது. அவர் வரியே கட்டாதவர் என்று சொல்லிவிடவும் முடியாது. சோப்பில், செருப்பில், செல்போன் ரீசார்ஜில் என்னைப் போலவே அவரும் ஜிஎஸ்டி கட்டுகிறார். அந்த வரிக்கு ரசீதைப் பதிவேற்றும் இடம்தான் இல்லை.

குழந்தைகளுக்காக வரியைக் குறைக்கும் யோசனை இந்தியாவில் புதிதல்ல. 1955 பட்ஜெட்டில் சி.டி. தேஷ்முக் மணமானவர்களுக்கு வரியில்லா வருமானத்தை 2,000 ரூபாயாக உயர்த்தி, மணமாகாதவர்களுக்கு 1,000 ஆகக் குறைத்தார். 1957இல் நிதியமைச்சராக இருந்தவர் நம்ம மெட்ராஸ்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. வரி விலக்கு வரம்பை அவர் 4,200இலிருந்து 3,000 ரூபாய்க்கு இறக்கினார். கூடவே, குழந்தைக்கு 300 ரூபாய் வீதம் இரண்டு குழந்தைகள் வரை கூடுதல் சலுகை தந்தார். குடும்பம் நடத்துபவனின் சுமையை அரசு கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இதன் தர்க்கம். நியாயமானதுதான். ஆனால் அன்று இந்தியாவில் வருமான வரி கட்டியவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டிய ஒருவர் அந்த வரம்பைத் தொட மாதம் 250 ரூபாய் சம்பாதிக்க வேண்டும். மில் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்கு எட்டாத சம்பளம் அது. அவருக்கு நான்கு குழந்தைகள் இருந்தாலும் டெல்லியின் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் குழந்தைகளை வேறொரு கணக்கு பார்த்தது. அது தொடங்கியதும் வட சென்னைக்காரர் ஒருவரிடம்தான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரியாக இன்றும் பெயர் நிற்கும் பிட்டி தியாகராயர் அப்போது சென்னை மாநகராட்சித் தலைவர். 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு தர வேண்டும், செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671 ஆனது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்வதை பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பள்ளிக்கூடம் கல்வியின் கீழ் வந்தது, பசி எந்தத் தலைப்பின் கீழும் வரவில்லை.

இந்தக் கதையைத் தியாகராயரின் பெருமையோடு முடித்துவிட்டால் புளியந்தோப்பு நம்மை மன்னிக்காது. தீர்மானம் வந்த மறு வருஷம், 1921இல், பி அண்ட் சி மில்லில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, மோதல் வெடித்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததே கலவரத்துக்குக் காரணம் என்று தியாகராயரின் நீதிக்கட்சி சொன்னது. எம்.சி. ராஜா அதற்கு எதிராக நின்றார், பின்னர் கட்சியைவிட்டே விலகினார். குடிசை எரிந்தவருக்குக் கிடைத்த உதவிக்குப் பெயர் செல்லம். இதே பழக்கம் பிற்காலத்தில் 'இலவசம்' என்ற சொல்லோடு திரும்பி வந்தது.

தியாகராயரின் ஓரணாச் சோறு 1956இல் காமராஜரால் மாநிலத் திட்டமாக மறுபிறப்பு எடுத்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். தேதிகளைக் கவனியுங்கள்: காமராஜரின் மதிய உணவும் டி.டி.கே.யின் முந்நூறு ரூபாயும் ஒரு வருஷ இடைவெளியில் வந்தவை. இரண்டும் குழந்தைகளுக்கான அரசு உதவிதான். ஒன்று அப்பாவின் வருமானத்தைக் கேட்டது. மற்றது பிள்ளை பள்ளிக்கு வந்தானா என்று மட்டும் கேட்டது.

பிற நாடுகளும் இதே இடத்தில்தான் தடுமாறின. பிரிட்டனில் 1909இல் லாயிட் ஜார்ஜ் ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு உட்பட்டவர்களுக்குக் குழந்தைக்கு 10 பவுண்டு வரிக் கழிவு தந்தார். வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத தொழிலாளிக்கு அதில் பங்கில்லை. எலினார் ராத்போன் என்ற பெண் பல வருஷம் போராடிய பிறகு, 1945இல் இரண்டாவது குழந்தையிலிருந்து வாரம் 5 ஷில்லிங் பணமாகத் தரும் சட்டம் வந்தது. பணத்தை அப்பாவிடம் தருவதாக இருந்த மசோதாவை மாற்றி, அம்மாவின் கையில் சேர வைத்தவரும் அவர்தான். 1970களின் கடைசியில் வரிக் கழிவையும் அந்தப் பணத்தையும் ஒரே தொகையாக இணைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் குழந்தைக்கான வரிச்சலுகை 1997இல் சட்டமானது. ஏழைகளுக்கு அது முழுசாகக் கிடைக்கவில்லை, காரணம் அதேதான்: கழிக்க வரி வேண்டும். 2021இல் ஒரே ஒரு வருஷம், வரி கட்டாதவர்களுக்கும் முழுத் தொகையைக் கையில் கொடுத்தார்கள். குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. மறு வருஷம் அதை நிறுத்தியதும் 12.4க்கு ஏறியது. பிறகு மினசோட்டா போன்ற சில மாநிலங்கள் தாங்களே அந்த மாதிரிச் சலுகையைத் தரத் தொடங்கின. மினசோட்டாவில் 2023 முதல் குழந்தைக்கு 1,750 டாலர் வரை, வரி இல்லாவிட்டாலும் பணமாகக் கிடைக்கிறது.

மறுபடி இங்கே வருவோம். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 1,14,095 குழந்தைகளுக்கு 33.56 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு மூவாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. என் மகளுக்காக அரசு விட்டுக்கொடுத்த 18,720இல் அப்படி ஆறு குழந்தைகள் வருஷம் முழுக்கக் காலை உணவு சாப்பிடலாம். மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம், வருஷத்துக்கு 12,000. அதுவும் என் சலுகையைவிடக் குறைவு.

ஆனால் டிவி விவாதத்தில் 'இலவசம்' என்று திட்டு வாங்குவது உப்புமாவும் ஆயிரம் ரூபாயும்தான். வரிச்சலுகையால் போன வருவாயை மத்திய பட்ஜெட்டின் இணைப்பில் ஒரு பட்டியலாகவே வெளியிடுகிறார்கள். அதை வைத்து யாரும் என்னிடம் 'நீ ஓசியில வாழுற' என்று சொன்னதில்லை. சோறு போட்டால் தட்டு தெரிகிறது, வரியைக் குறைத்தால் சம்பளச் சீட்டில் ஒரு வரி மட்டும் மாறுகிறது. மென்பொருள் எழுதுபவனுக்கு இது பழக்கமான தவறு. படிவத்தில் ஒரு கட்டம் இல்லையென்றால், அந்த மனிதரே இல்லை என்று நிரல் முடிவு செய்துவிடும்.

அக்காவின் பையன் படிப்பது ஒரு சிறிய தனியார் நர்சரி பள்ளி. அங்கே காலை உணவு இல்லை, சத்துணவும் இல்லை. இங்கிலீஷ் வரணும் என்று சேர்த்திருக்கிறார். நூறு வருஷத்தில் நாம் கட்டிய இரண்டு பாதைகளுக்கும் நடுவில் அவன் நிற்கிறான். அரசுப் பள்ளியில் இருந்தால் சோறு கிடைத்திருக்கும், அம்மா ஐடி கம்பெனியில் இருந்தால் வரி குறைந்திருக்கும்.

போன வாரம் அவரிடம் உரிமைத் தொகை வருகிறதா என்று கேட்டேன்.

"மாசாமாசம் வந்துடுது தம்பி. அப்டியே ஃபீஸுக்கு எடுத்து வெச்சிருவேன்" என்றார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டே கேட்டார்: "அந்த ரசீதையும் போட்டோ புடிச்சு வெச்சுக்கட்டா?"

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.