சூடானுக்குச் சென்ற இந்தியத் தேர்தல் அதிகாரி



திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே, ஸ்ரீவராகமூர்த்தி கோயிலின் பெரிய குளத்தைச் சூழ்ந்த தெருக்களிலே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. எங்கள் ஸ்ரீவராகத்துப் பெரியவர்களுக்குத் தேர்தல் என்பது டில்லியிலிருந்து வந்த புதுமையாகத் தோன்றியதில்லை. 1888ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூரில் ஒரு சட்ட சபை ஏற்பட்டுவிட்டது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது. ஆனால் அக்காலத்து வாக்குரிமை நிலவரி செலுத்துவோர், பட்டதாரிகள் போன்ற சிலருக்கே உரியதாக இருந்தது. வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்ற அடிப்படையில் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது 1948இன் தொடக்கத்தில். இந்தியா முழுவதும் முதல் பொதுத் தேர்தலைக் காண்பதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே இங்கே ஏழையும் செல்வரும் ஒரே வரிசையில் நின்றுவிட்டனர். தெற்கே தமிழ் வழங்கிய தொகுதிகளில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பெற்ற வெற்றியும், அதன் விளைவாக 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்ததும் நேயர்கள் அறிந்த வரலாறு. அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாட்டில் தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டுமென்று மற்றொரு நாடு உதவலாமா? உதவினால் அது எந்த எல்லை வரை உதவி, எந்த எல்லைக்கு அப்பால் தலையீடு? இந்தக் கேள்விக்கு நம் தேசத்தின் அனுபவத்திலேயே ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. அதுவே சூடான் தேர்தல்.

சூடான் 1899 முதல் பிரிட்டனும் எகிப்தும் கூட்டாக ஆண்ட நாடு. கூட்டாட்சி என்பது பெயரளவிலேதான்; அதிகாரம் ஆங்கிலேய கவர்னர் ஜெனரலிடமே இருந்தது. 1952 ஜூலையில் எகிப்தில் மன்னராட்சி கவிழ்ந்து இராணுவ அதிகாரிகளின் கைக்கு ஆட்சி வந்தது. அவர்களுக்குத் தலைவராக விளங்கிய ஜெனரல் நெகீப் சூடானின் தலைநகரான கார்ட்டூமிலேயே பிறந்தவர். 1953 பிப்ரவரி 12ஆம் நாள் இரு சர்க்கார்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூன்றாண்டுகளுக்குள் சூடான் மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். அதற்கு முதற்படியாகப் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற வேண்டும். இந்தத் தீர்மானம் சுதந்திரமும் நடுநிலையும் பொருந்திய சூழ்நிலையில் நிகழ வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் இந்தச் சொல்லில் சற்று நின்று போகிறேன். தேர்தலைப் பற்றிய சர்வதேசப் பத்திரங்களில் ‘சுதந்திரமான, நியாயமான’ என்ற தொடரே எங்கும் காணப்படும். அதைத் தமிழாக்கி என் பேனா தேய்ந்துவிட்டது. இங்கோ ‘நடுநிலை’ என்றிருக்கிறது. ஏனெனில், அங்கே ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு எஜமானர்கள் இருந்தார்கள்.

பிரிட்டிஷ் அதிகாரிகள் கிராமத் தலைவர்களை மிரட்டுவார்கள் என்று எகிப்து அஞ்சியது. எகிப்து பணத்தை வாரி இறைக்கும் என்று பிரிட்டன் அஞ்சியது. இரண்டு அச்சங்களுக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. எகிப்திய மந்திரி மேஜர் சலாஹ் சாலெம் தென் சூடானுக்குச் சென்று, அங்குள்ள பழங்குடி மக்களோடு அரைகுறை ஆடையுடன் கூத்தாடியதைப் படம் பிடித்துப் பத்திரிகைகள் உலகமெல்லாம் வெளியிட்டன. ‘நடனமாடும் மேஜர்’ என்று ஆங்கிலேயர் அவரைப் பரிகசித்தனர். ஆனால் வேற்று நாட்டு மக்களின் மனத்தை நேரடியாகக் கவரும் இராஜதந்திரம் அதுவே அல்லவா? ஐம்பது ஆண்டுகளாக அம்மக்களோடு கூத்தில் ஒரு காலெடுத்து வைக்காத கனவான்கள் அதைப் பரிகசித்தது சற்று வேடிக்கைதான்.

ஆகவே தேர்தலை நடத்த ஏழு பேர் கொண்ட ஒரு கலப்புக் கமிஷன் நியமிக்கப்பட்டது. சூடானியர் மூவர், எகிப்தியர் ஒருவர், பிரிட்டிஷார் ஒருவர், அமெரிக்கர் ஒருவர், இந்தியர் ஒருவர். அந்த இந்தியரே அக்கிராசனராக இருக்க வேண்டுமென்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. கவர்னர் ஜெனரலின் அதிகாரத்தைக் கண்காணிக்க ஏற்பட்ட மற்றொரு கமிஷனுக்குப் பாகிஸ்தானியர் ஒருவரே தலைவராக இருக்க வேண்டுமென்றும் அதே ஒப்பந்தம் விதித்தது. விடுதலை பெற்று ஆறு ஆண்டுகள்கூட நிறையாத இரண்டு நாடுகளை நம்பித்தான் பழைய எஜமானர்கள் தங்கள் வழக்கை ஒப்படைத்தார்கள்.

இந்தியா அனுப்பியவர் சுகுமார் சென். வங்காளத்தவர், லண்டன் சர்வகலாசாலையில் கணிதம் பயின்றவர், 1921இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலாளராக உயர்ந்தவர். 1950 மார்ச்சில் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனரானார். அவர் நடத்தி முடித்த 1951-52ஆம் ஆண்டுத் தேர்தலின் அளவை எண்ணிப் பார்த்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. வாக்காளர்கள் ஏறத்தாழ 17 கோடிப் பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம், சின்னத்திற்கு ஒரு தனிப் பெட்டி என்று வகுத்ததால் ஏறத்தாழ 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் வேண்டியிருந்தன. அவற்றிற்கு 8,200 டன் எஃகு செலவாயிற்று. வடநாட்டில் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டுமே எழுதச் சொன்ன பெண்கள் சுமார் 28 லட்சம் பேர். அவர்களுடைய பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியே தீர வேண்டும் என்று சென் உறுதியாக நின்றார். அது கொடுமை என்றவர்கள் உண்டு. ஆயினும் அடுத்த தேர்தலுக்குள் அப்பெண்கள் தம் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவருடைய கணக்கு. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி, வாக்காளர் பட்டியலில் தம் பெயர் சரியாக ஏறுவதற்கு நடையாய் நடந்தவர்களுக்கு, பட்டியலில் பெயர் என்பதன் மதிப்பை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சூடானிலும் பிரச்னைகள் இதே இனத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ பத்து லட்சம் சதுர மைல் பரப்பு. பாலைவனம் ஒரு புறம், சதுப்பு நிலம் மறு புறம். நாடோடிகளாகத் திரியும் மக்கள். எழுத்தறிவு மிகக் குறைவு. பிரதிநிதி சபைக்கு 97 இடங்கள். அவற்றுள் 5 இடங்கள் படித்தவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 92இல் 35 தொகுதிகளில் மட்டுமே நேர்முகத் தேர்தல். மற்றவற்றில் மக்கள் முதலில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் கூடி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியாவில் நிகழ்ந்ததை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் அங்கே நட்டுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தென் பகுதியின் மழை ஓய்ந்த பிறகு நவம்பர், டிசம்பர் மாதங்களில் வாக்குப்பதிவு நடந்தேறியது.

எகிப்தோடு ஐக்கியம் வேண்டிய தேசிய ஐக்கியக் கட்சி பாதிக்கு மேற்பட்ட இடங்களைக் கைப்பற்றியது. பிரிட்டிஷார் அனுதாபம் காட்டிய உம்மா கட்சி வெகு தூரம் பின்தங்கியது. எகிப்தின் பணமே வென்றது என்று தோற்றவர்கள் குற்றம் சாட்டினார்கள். 1954 மார்ச் முதல் நாள் பாராளுமன்றத் திறப்பு விழாவுக்கு ஜெனரல் நெகீப் வந்திறங்கியபோது கார்ட்டூமில் பெருங்கலகம் மூண்டு பலர் உயிரிழந்தனர், விழாவே தள்ளிப்போயிற்று. ஆனால் நிகழ்ந்த விந்தையைப் பாருங்கள். எகிப்தோடு சேர்வோம் என்று சொல்லி வாக்குப் பெற்ற இஸ்மாயில் அல் அஸ்ஹரி, பிரதம மந்திரியானதும் மெல்ல மெல்ல அந்த வழியிலிருந்து விலகினார். 1955 டிசம்பர் 19ஆம் நாள் பாராளுமன்றம் பூரண சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. 1956 ஜனவரி முதல் நாள் சூடான் தனி நாடாயிற்று. கெய்ரோ செலவிட்ட பணத்திற்கு அந்நாட்டின் மனம் விலைபோகவில்லை.

இந்தக் கதையை இவ்விடத்தில் நிறுத்தினால் இனிமையாக இருக்கும்; உண்மையாக இராது. அரசாங்க உத்தியோகங்களைப் பங்கிட்டபோது தென் சூடானியருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1955 ஆகஸ்டிலேயே தோரித் நகரில் தென்னாட்டுப் படையினர் கலகம் செய்தனர். 1958 நவம்பரில் இராணுவம் பாராளுமன்றத்தைக் கலைத்தது. தேர்தலை நேர்மையாக நடத்தித் தர வெளியிலிருந்து ஓர் அக்கிராசனர் வரலாம். வென்றவர் தோற்றவரை எப்படி நடத்த வேண்டுமென்பதற்கு அவர் பொறுப்பாக முடியாது.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு செய்தி. அது நாம் வாழும் கேரளத்தைப் பற்றியது. இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான், 1978இல் வெளியிட்ட நூலொன்றில், கம்யூனிஸ்டுகள் வெற்றி பெறக்கூடும் என்ற நிலையில் இருமுறை தம் நாடு காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்ததாகவும், அவற்றுள் ஒன்று கேரளத்துத் தேர்தல், மற்றொன்று மேற்கு வங்காளத்துத் தேர்தல் என்றும் எழுதினார். இந்திரா காந்தி அதை மறுத்தார். உண்மை எதுவாயினும், சூடானையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சென் தலைமை வகித்த கமிஷன் யாருக்காகவும் மறைந்து வேலை செய்யவில்லை. அதன் உறுப்பினர் இன்னின்னார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. இரு தரப்பும் அதற்குச் சம்மதித்திருந்தன. மொய்னிஹான் குறிப்பிட்ட வகை உதவியோ, வெளியே தெரிந்தால் பயன்படாத உதவி. என் வரையில் இதுவே போதுமான உரைகல்.

பிற்காலத்தில் நம் நாட்டு உதவி வேறு வடிவங்களை எடுத்தது. 1962ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து மைசூர் வர்ணத் தொழிற்சாலை தயாரித்து வரும் அழியாத மை, நேபாளம், கம்போடியா முதலிய பல நாடுகளின் விரல்களில் ஏறியிருக்கிறது. 2005இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்படுத்திய ஜனநாயக நிதிக்குத் தொடக்கத்திலேயே இந்தியா பெருந்தொகை அளித்தது. வெளிநாட்டுத் தேர்தல் அதிகாரிகளும் வந்து பயிலும் கழகம் ஒன்று 2011இல் டில்லியில் தொடங்கப்பட்டது.

வாக்குப்பதிவு இயந்திரத்தின் கதை மட்டும் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. அது பிறந்த மண் கேரளம். 1982 மே 19ஆம் நாள் பறவூர் தொகுதியின் 50 சாவடிகளில் முதன்முதலாக இயந்திரத்தில் வாக்களித்தார்கள். கம்யூனிஸ்டு அபேட்சகர் சிவன் பிள்ளை 123 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1984இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இயந்திரம் பழுது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அதைப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றே சொன்னார்கள். அந்தச் சாவடிகளில் வாக்குச்சீட்டு முறையில் மறு வாக்குப்பதிவு நடந்தது; ஜோஸ் வெற்றி பெற்றார். 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பிறகே இயந்திரத்திற்கு உரிமைச் சீட்டுக் கிடைத்தது.

இதே பாடத்தை நமீபியாவும் படிக்க நேர்ந்தது. 1989இல் அந்நாட்டின் விடுதலைத் தேர்தல் ஐ.நா. மேற்பார்வையில் நடந்தபோது, ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் இந்தியரான ஜெனரல் பிரேம் சந்த். கால் நூற்றாண்டு கழித்து 2014 நவம்பரில், இந்தியாவில் செய்த இயந்திரங்களைக் கொண்டு அந்நாடு தேர்தல் நடத்தியது. ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே அதுதான் முதல் தடவை. அந்த இயந்திரத்தில் வாக்கை உறுதி செய்யும் காகிதச் சான்று இல்லை. இந்தியாவிலும் அது 2013 செப்டம்பரில்தான், நாகாலாந்தின் நொக்சென் தொகுதியில், முதன்முதல் வந்தது. நமீபியச் சட்டமோ காகிதச் சான்று வேண்டும் என்றது. அந்தப் பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் விட்டு வைத்திருந்தனர். 2019இல் அதிபர் தேர்தலில் தோற்ற சுயேச்சை அபேட்சகர் இத்தூலா நீதிமன்றம் சென்றார். அவ்வாறு விட்டு வைத்தது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று 2020 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தேர்தலை ரத்துச் செய்யவில்லை.

அதன்பின் நமீபியா வாக்குச்சீட்டுக்கே திரும்பியது. 2024 நவம்பர் 27ஆம் நாள் நடந்த தேர்தலில் பல சாவடிகளில் சீட்டுகள் தீர்ந்துபோய், வாக்குப்பதிவை 30ஆம் நாள் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதை எதிர்த்தும் வழக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.