பதனிடுதல் என்னும் ஒரு சொல்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. இத்தகைய சந்தைகளில் கைமாறி, இறைச்சிக் கடைகளில் உடலைவிட்டு நீங்கும் தோல், உப்பிடப்பட்டு, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றுப் பிரதேசத்து ஊர்களின் தோல் ஷாப்புகளை அடைந்து, அங்கே இரண்டாவது ஜீவிதம் ஒன்றைத் தொடங்குகிறது. அந்த ஜீவிதத்தைத் தொடங்கிவைக்கும் கிரியைக்குத் தமிழில் ஒரே பெயர்தான்: பதனிடுதல்.

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் ஒரு மாணவி, பாடநூலில் 'செயற்கூறு பணிமிகுப்பு' என்று வரும் பகுதி விளங்கவில்லை என்று என்னிடம் வந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இச்சொல்லே. "ஐயா, ஒரே பெயரில் மூன்று செயற்கூறுகள் இருந்தால் கணினி குழம்பிவிடாதா?" என்று அவள் கேட்டாள். அவளுடைய தகப்பனார் தோல் ஷாப்பில் வேலை செய்பவர். "பதனிடு என்று முதலாளி சொன்னால் உன் அப்பா குழம்புகிறாரா, அம்மா?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவர் குழம்புவதில்லை, ஏனெனில் கட்டளையோடு கூடவே தோலும் அவர் கைக்கு வந்துவிடுகிறது. இதே சரக்கை வாங்கிய ஆங்கிலேய வர்த்தகர்கள், பெரிய பிராணிகளின் தோலை 'ஹைட்' என்றும், ஆடு போன்ற சிறு பிராணிகளின் தோலை 'ஸ்கின்' என்றும் இரு பெயரிட்டு வழங்கினார்கள். நமக்கோ இரண்டும் தோல்தான், முன்னே ஆடு நிற்கிறதா மாடு நிற்கிறதா என்பதே பேதம். ஆனால் அந்தப் பேதம் வேலை முழுவதையும் மாற்றிவிடுகிறது. வெள்ளாட்டுத் தோல் மெல்லியது, நெருங்கிய நாருடையது. செம்மறித் தோல் நார் தளர்ந்து, கையுறைக்கும் மேலாடைக்கும் ஏற்ற மென்மை கொண்டது. எருமைத் தோலோ தடித்தது, உள்ளே மருந்து இறங்க நாளெடுப்பது. சுண்ணாம்புத் தொட்டியில் எத்தனை நாள், சதையை எவ்வளவு செதுக்குவது, சாயக்கரைசலின் காரம் என்ன என்பவை யாவும் தோலின் ஜாதியைப் பொறுத்தவை. ஆகையால் தரம் பிரிப்பவர், தோல் தண்ணீரில் விழுமுன்பே, எது எந்தத் தொட்டிக்கு என்று தீர்த்துவிடுகிறார்.

பணிமிகுப்பின் ரகசியமும் இவ்வளவே. பெயர் ஒன்றாக இருக்கலாம். ஒப்படைக்கப்படும் அளபுருக்களின் எண்ணிக்கை, இனம், வரிசை ஆகியவற்றைப் பார்த்து, நிரல் ஓடத் தொடங்குமுன்பே, எந்தச் செயற்கூறு என்பதை நிரல்பெயர்ப்பி தீர்மானிக்கிறது. இரண்டு சமமாகப் பொருந்தினால், தான் ஊகித்துத் தேர்ந்தெடுக்காமல், பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. தமிழிலக்கணம் கற்றவருக்கு இது புதுமையன்று. பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை, அதனுடன் வரும் வினையும் இனமும் சார்பும் தெளிவாக்கும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்திருக்கிறார். 'மா' பூத்ததென்றால் மரம், ஓடிற்றென்றால் விலங்கு.

கணித இயந்திர சாஸ்திரத்தில் இந்த வழக்கம் வளர்ந்த கதை சிறிது தாமதமானது. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியிலேயே கூட்டல் குறி முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் வெவ்வேறு விதமாகத்தான் வேலை செய்தது. 1967-இல் கோபன்ஹேகனில் சொற்பொழிவாற்றிய கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி என்னும் ஆங்கிலேய அறிஞர், பல்லுருவாக்கத்தின் ஒரு வகையாக இதற்குத் தனிப் பெயர் கொடுத்தார். சி மொழியோ இவ்வசதியின்றி, தனி மதிப்பைக் காண்பதற்கே ஏப்ஸ், லேப்ஸ், ஃபேப்ஸ் என்று மூன்று பெயர்களைச் சுமந்தது. ஸ்ட்ரோஸ்ட்ரூப் இயற்றி 1985-இல் வெளியிட்ட சி++ அந்தச் சுமையை இறக்கியது. என்றாலும் அதன் ஆரம்பப் பதிப்புகளில், ஒரு பெயரைப் பலவாறு வழங்கப் போவதாக 'ஓவர்லோட்' என்ற சொல்லால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த நிர்ப்பந்தம் பிற்பாடு நீங்கிற்று.

நம் வட்டாரத்தில் அவ்விதம் அறிவிப்பு ஏதுமின்றியே ஒரு பெயர் விரிந்தது. பல காலமாகப் பதனிடுதல் என்றால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் தொட்டியில் ஊறி, 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போனது அந்தச் சரக்கே. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் உரிமை பெற்ற குரோம் முறையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் அரசாங்கச் சோதனைகளின் மூலம் புகுத்தினார். குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அந்த முறையின் ஞாபகச் சின்னம். பட்டைக்குப் பதில் உப்பு, தொட்டிக்குப் பதில் சுழலும் டிரம், வாரங்களுக்குப் பதில் ஓரிரு நாள், பழுப்புக்குப் பதில் நீலம். இத்தனை மாறியும் தொழிலாளி புதுச் சொல் தேடவில்லை. 1948-இல் அடையாற்றில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இரண்டையும் பதனிடுதல் என்றே கற்பித்தது. அந்தக் குரோம் உப்பு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வேதனையும், 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்களின் வழக்கில் அளித்த தீர்ப்பும், இதே சொல்லின் சரித்திரத்தைச் சேர்ந்தவையே.

இவ்வளவையும் கேட்ட அந்த மாணவி ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா கைக்குத் தோல் வந்தாலும், அது பைக்கா காலணிக்கா என்று கேட்ட பிறகுதானே ஆரம்பிப்பார்?" உண்மை. ஒரே வெள்ளாட்டுத் தோலும் வேண்டப்படும் விளைவைப் பொறுத்து வேறு வேறு விதமாய்ப் பதனிடப்படும். ஜாவாவிலும் சி++இலும் அதற்கு இடமில்லை. அளபுருக்கள் ஒன்றாயிருந்து, திருப்பித் தரும் மதிப்பின் இனம் மட்டும் வேறுபட்டால், நிரல்பெயர்ப்பி அவ்விரு செயற்கூறுகளையும் ஏற்க மறுத்துவிடும். அழைத்தவர் விளைவை வாங்கிக்கொள்ளாமலே விட்டுவிடவும் கூடுமாகையால், எது வேண்டப்பட்டது என்று அறிய அதற்கு வழியில்லை. அவள் அதைத் தன் குறிப்பேட்டில், பதனிடுதல் என்று தலைப்பிட்ட பக்கத்தின் அடியில், தனி வரியாக எழுதிக்கொண்டாள்.