இரு பக்கமும் ஒருவரே



ஒரு கம்பனியின் பணிப்பாளர் தமக்குச் சொந்தமான தொழிற்சாலையிலிருந்து அக்கம்பனிக்குப் பொருள் விற்கிறார். பொருள் தரமானது, விலையும் சந்தை விலையே. இதனால் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் நம்மிற் பலர் கேட்போம். ஆங்கிலச் சட்டமோ அக்கேள்விக்குள் புகவே மறுத்தது.

மறுப்பின் வேரைக் காண ஒரு சந்தைக்குச் செல்லவேண்டும். இலண்டனுக்குக் கிழக்கேயுள்ள றொம்போர்ட் சந்தையின் வருமானக் குத்தகை, ஒரு சிறுவனுக்காக நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவரிடம் இருந்தது. தவணை முடியுந் தறுவாயில், அதனைச் சிறுவன் பேரில் புதுப்பித்துத் தருமாறு அவர் வேண்டினார். பராயமடையாதவனுக்குத் தர இயலாதென்று உரிமையாளர் கையை விரித்துவிட்டார். அதன் பின்னரே பொறுப்பாளர் குத்தகையைத் தம் பேரில் எடுத்துக்கொண்டார். 1726 இல் இவ்வழக்கைத் தீர்த்த கிங் பிரபு, குத்தகையையும் அதனால் வந்த ஆதாயத்தையும் சிறுவனுக்கே கொடுக்கக் கட்டளையிட்டார். உலகத்தார் அனைவருள்ளும் இந்த ஒருவர் மட்டும் அக்குத்தகையைப் பெறலாகாது என்பது கடுமையாகத் தோன்றலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் விதியைத் தளர்த்தவில்லை. தளர்த்தினால், ‘புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள்’ என்ற சாட்டைச் சொல்லிப் பொறுப்பாளர்கள் தாமே அனுபவிக்கத் தொடங்கிவிடுவர் என்று அஞ்சினார்.

பின்னர் புகையிரத யுகம் பிறந்தது. ஸ்கொத்லாந்தில் அபர்டீன் புகையிரதக் கம்பனியின் பணிப்பாளர் சபைக்குத் தோமஸ் பிளெய்க்கி என்பவர் தலைவராயிருந்தார். அவரே பிளெய்க்கி சகோதரர் என்னும் இரும்பு வார்ப்பு நிறுவனத்தின் முகாமைப் பங்காளியுமாவார். 1846 பெப்ரவரியில், தண்டவாளத்தைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தாங்கிகள் 4,000 தொன்னை, தொன் ஒன்று 8 பவுண் 10 சிலிங் வீதம் அந்நிறுவனம் வழங்குவதென ஒப்பந்தமாயிற்று. (அத்தாங்கிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘நாற்காலி’.) ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வந்து சேர்ந்தபின், மிகுதியை ஏற்கக் கம்பனி மறுத்தது. பிளெய்க்கி சகோதரர் வழக்குத் தொடுத்து, ஸ்கொத்லாந்து நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றனர். கம்பனி பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடு செய்தது.

1854 இல் அங்கே தீர்ப்பளித்த கிரான்வேர்த் பிரபு, விலை நியாயமானதா என்று ஆராயவில்லை. கம்பனி பெறக்கூடிய மிகச் சிறந்த விலையாகவே அது இருந்திருக்கலாம்; எனினும் ஒப்பந்தம் கம்பனியைக் கட்டுப்படுத்தாது என்றார். வாங்குபவரின் கடமை விலையைக் குறைப்பது. விற்பவரின் நலம் அதனை உயர்த்துவது. ஒருவரே இரண்டுமாய் நின்றால், அவர் உள்ளத்தில் எது வென்றது என்பதை எந்தச் சாட்சி வந்து சொல்வது?

பிளெய்க்கி பல பணிப்பாளருள் ஒருவர்தாமே என்ற வாதமும் எழுந்தது. அதற்கு வந்த மறுமொழியையே நான் இவ்வழக்கின் உயிர்நிலை என்பேன். தம் அறிவும் திறமையும் முழுவதையும் உடன் பணிப்பாளர்க்கு வழங்குதல் அவர் கடமை. இரும்பின் விலையை நன்கறிந்த ஒருவர், ‘இவ்விலை அதிகம்’ என்று சொல்லவேண்டிய வேளையில் வாய் திறவாதிருந்தால், ஏனையோர் எத்தனை பேர் இருந்தும் பயனென்ன?

வணிக உலகம் இக்கடுமையை நெடுநாள் பொறுக்கவில்லை. தம் நலனை வெளிப்படுத்திய பணிப்பாளர் ஒப்பந்தஞ் செய்யலாம் என்று கம்பனிகள் தம் அமைப்பு விதிகளில் எழுதிக்கொண்டன. அவ்வாறு வெளிப்படுத்துவதைப் பின்னர் சட்டமே கட்டாயமாக்கிற்று. இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், பணிப்பாளர் தம் நலனைச் சபைக்கு வெளிப்படுத்தி, அதற்கென வைக்கப்படும் பதிவேட்டிலும் பதிவிக்கவேண்டும் என்கிறது.

ஏட்டில் எழுதுவது எளிது. எழுதியவர் சபையின் தலைவராயிருக்கும்போது, எதிரே அமர்ந்திருப்பவர் தாட்சணியத்தை விட்டு விலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாரா என்பதே எனக்குள்ள ஐயம்.