ஓ போலத் தெரியும், ஓ அல்ல

ஓ குரூப் எல்லாருக்கும் ஆகுமே, ரத்த வங்கியில் ஏன் இத்தனை தாமதம் என்று காட்டுப்பள்ளிப் பக்கம் கேட்பவர்கள் உண்டு. அதற்கான விடை 1952-இல் பம்பாயிலிருந்து வந்தது.

1667-இல் பாரிஸில் ழான் தெனி என்ற வைத்தியர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தையே மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார். மனித ரத்தத்திலேயே வகைகள் உண்டென்று 1901-இல்தான் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் எழுதினார்.

பம்பாயில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் கண்ட சிலரின் ரத்தம், வழக்கமான சோதனையில் ஓ போலவே தெரிந்தது. ஆனால் ஓ ரத்தத்தோடு கலந்தால் திரிந்துபோனது. ஓ வகையினரிடம் நிறைய இருக்கும் 'எச்' என்ற பொருள் இவர்களிடம் இல்லை. அதை எதிர்க்கும் சக்தி இருந்தது. இவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் அந்தச் சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே உடையும். குளிர்காய்ச்சல், இடுப்புவலி, கறுத்த சிறுநீர் என்று தொடங்கிச் சிறுநீரகம் பழுதாகி உயிரே போகலாம்.

நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இந்த 'பம்பாய் வகை'. அவருக்கு அதே வகை ரத்தம்தான் சேரும். கொடுப்பவர், பெறுபவர் இருவர் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் 'கிராஸ் மேட்ச்' சோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும். தாமதம் அதற்குத்தான். அவசரப்படுத்தாதீர்கள்.