கர்ப்பகால முதுகுவலி: பிசியோதெரபி

கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வரும் வலி இது. பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும். வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடலின் ஈர்ப்பு மையம் நகர்கிறது, கீழ்முதுகு கூடுதலாக வளைகிறது. இடுப்பெலும்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்வதற்கு ரிலாக்சின் முதலிய ஹார்மோன்களும் காரணம் என்பர்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்ப்பார். கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு காலை இடுப்பிலும் முழங்காலிலும் மடக்கி, தொடை செங்குத்தாக நிற்கும்போது முழங்காலிலிருந்து கீழ்நோக்கி அழுத்துவார். பிட்டத்தின் மேற்பகுதியில் பழகிய வலி சுரீரென்றால், கோளாறு முதுகெலும்பைவிட இடுப்பெலும்பு வளையத்தில் இருக்கவே வாய்ப்பு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. எல்லாருக்கும் ஒரே பயிற்சித்தாளை நீட்டுவது சரியல்ல.

வயிற்று ஆழ்தசை, பிட்டத்தசைப் பயிற்சிகள், நீர்ப்பயிற்சி, இடுப்புப் பட்டை, ஒருக்களித்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துப் படுத்தல் ஆகியவை வழக்கமானவை. பிற்பகுதி மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றலாம். அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக் கருவியைக் கருப்பைப் பகுதியில் வைப்பதில்லை. ஸ்கேன் வேறு, அதற்கு அஞ்ச வேண்டாம்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு, உடற்பயிற்சி கீழ்முதுகு வலியைக் குறைக்கக்கூடும் என்றது. சான்றின் தரம் குறைவு என்றும் சொன்னது.

இரத்தப்போக்கு, விட்டுவிட்டு வரும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடங்காமை இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரிடமே போகவேண்டும்.