வணிகக் கைபேசிக் கட்டணம்: எண் யார் பெயரில் உள்ளது?

தாராவியிலிருந்து தாணேவுக்குக் கடையையோ பட்டறையையோ மாற்றும் வணிகர்கள் கைபேசி எண்ணை மாற்ற வேண்டியதில்லை. தாணேவும் மும்பை தொலைத்தொடர்பு வட்டத்திலேயே அடங்கும். ஆனால், அந்த எண் யார் பெயரில் உள்ளது என்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பெயர்ப் பலகையில் உள்ள எண் ஊழியர் ஒருவரின் பெயரில் இருந்தால், அவர் விலகும் நாளில் எண்ணும் அவருடனேயே சென்றுவிடும். வாடிக்கையாளர்களின் அழைப்புகள் மட்டுமன்றி, வங்கி அனுப்பும் ஒருமுறை கடவுச்சொல்லும் அவருக்கே போகும். பெயர் மாற்றத்துக்கு அவரது ஒப்புதல் தேவை என்பதால், பணியில் இருக்கும்போதே அதை முடித்துவிடுவது நல்லது.

கட்டணத்திலும் இதன் விளைவு உண்டு. தொலைத்தொடர்புச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மாதம் ரூ.499 வீதம் 10 போஸ்ட்பெய்டு இணைப்புகள் வைத்திருந்தால், ஆண்டுக்கு வரி மட்டும் ஏறத்தாழ ரூ.10,778. நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் ரசீதில் இடம்பெற்றிருந்தால்தான் இதனை உள்ளீட்டு வரி வரவாகக் கோர முடியும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வணிகர்களுக்கு இது பொருந்தாது.

எண்ணை மாற்றாமல் வேறு சேவை நிறுவனத்துக்கு மாற விரும்புவோர், 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் முன்பே நிலுவையைச் செலுத்திவிட வேண்டும். நிறுவன இணைப்புகளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் கடிதமும் கட்டாயம்.